ஏரி நாட்டில் வீட்டு வண்டிப் பயணம்

நெடும்பயணத்துக்குப் புறப்படுவோர் மூன்று செய்திகளைத் தவறாது எண்ணிப் பார்ப்பர். உண்பது எங்கே, உறங்குவது எங்கே, வண்டிக்குப் பெற்றோல் பெறுவது எங்கே என்பனவே அவை. நான்காவதாக ஒன்றும் உண்டு. உடல் கழித்ததையும், குளித்துக் கழுவிய நீரையும் எங்கே விடுவது என்பது அது. வீட்டில் இருக்கும்போது இவ்வினா எழுவதில்லை; நிலத்துக்குள் மறைந்திருக்கும் குழாய் அதற்கு விடையளித்து விடுகின்றது. வீட்டையே சக்கரத்தின்மேல் ஏற்றிச் செல்வோருக்கோ இதுவே தலையாய வினாவாகும்.

சக்கர வீடு அமெரிக்க நாட்டுக்குப் புதியதன்று. 1910ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரில் பியர்ஸ் ஆரோ என்னும் நிறுவனத்தார் ஒரு மோட்டார் வண்டியைக் காட்சிக்கு வைத்தனர். அதன் பின்னிருக்கை படுக்கையாக விரிந்தது. சாரதியின் ஆசனத்துக்குப் பின்புறத்திலிருந்து கைகழுவும் தொட்டியொன்று மடிந்து இறங்கியது. இயற்கைக் கடனுக்கு ஒரு பாண்டமும் இருந்தது. பாண்டம் நிறைந்தால் வெளியே கொட்டுவதன்றி வேறு வழியில்லை. வண்டிகள் சிலவாக இருந்த காலத்தில் அதனால் நேர்ந்த கேடும் சிறிதாகவே இருந்திருக்கும். இன்றோ ஆர்.வி. என்று அமெரிக்கர் சுருக்கிச் சொல்லும் இவ்வீட்டு வண்டிகள் கோடையில் அணியணியாக வீதியில் இறங்குகின்றன. அவை பெரிதும் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று மினசோட்டா மாநிலத்தின் வடபகுதி. பத்தாயிரம் ஏரிகளின் நாடு என்று புகழ்பெற்ற மாநிலம் அது. அப்புகழுரையும் சற்றுக் குறைத்துச் சொன்னதே. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 அங்கே எண்ணப்பட்டுள்ளன.

அந்நாட்டின் நில அமைப்பை அறிந்தால்தான் கழிவு பற்றிய கவலையின் காரணம் விளங்கும். ஏறத்தாழப் பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு முன்வரை வடநிலத்தைப் பெரும் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. அவை உருகிப் பின்வாங்கியபோது மணலையும் பரலையும் பரப்பிச் சென்றன. மணலுள் புதையுண்டு கிடந்த பனிக்கட்டிகள் பின்னர் உருக, அவ்விடங்கள் பள்ளமாகி ஏரிகளாயின. ஆகவே பல ஏரிகளின் கரை மணற்பாங்கானது. மேலே வார்த்த நீர் விரைவில் நிலத்தடி நீரோடு கலக்கும். நிலத்தடி நீர் மெல்ல ஏரியை அடையும். கரையிலிருந்து நூறடி தள்ளி ஒரு புதரருகே விட்டது ஏரியில் விட்டதாகாது என்று ஒருவர் கருதலாம். மணலுக்கு அவ்வேறுபாடு தெரியாது.

ஏரிக்கு இதனால் வரும் தீங்கு யாது? நோய்க் கிருமிகள் ஒரு புறம். மற்றொரு புறம், கண்ணுக்குப் புலப்படாத ஊட்டப்பொருள். மனிதக் கழிவில் பொசுபரசு என்னும் தனிமம் உண்டு. அது செடிக்கு உரமாவதுபோலவே பாசிக்கும் உரமாகும். இவ்வுண்மையை ஐயமற நிறுவிய சோதனையொன்று, மினசோட்டாவுக்கு வடக்கே எல்லைக்கப்பாலுள்ள கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1973ஆம் ஆண்டிலே நடைபெற்றது. டேவிட் சின்ட்லர் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் 226 என எண்ணிட்ட ஏரியொன்றைத் தேர்ந்தனர். நடுவிலே இடை சிறுத்த ஏரி அது. அவ்விடையிலே ஒரு திரையிட்டு ஏரியை இரண்டாகத் தடுத்தனர். ஒரு பாதிக்குக் காபனும் நைதரசனும் இட்டனர். மறு பாதிக்கு அவ்விரண்டோடு பொசுபரசும் சேர்த்து இட்டனர். முதற்பாதி தெளிந்த நீராகவே இருந்தது. பொசுபரசு பெற்ற பாதியோ பாசி படர்ந்து மாறிப்போயிற்று. வானத்திலிருந்து எடுத்த நிழற்படத்தில் அவ்வேறுபாடு எவருக்கும் தெரிந்தது. ஒரு இறாத்தல் பொசுபரசு 300 முதல் 500 இறாத்தல் வரை பாசியை வளர்க்கவல்லது என்று கணக்கிடுவர். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைத் தீர்த்துவிடும். மீன் மூச்சின்றி மாளும்.

இனி வண்டியின் உள்ளமைப்பு. பெரும்பாலான வீட்டு வண்டிகளின் அடியிலே மூன்று தாங்கிகள் உள. முதலாவது நன்னீர்த் தாங்கி. இரண்டாவது குளியலும் பாத்திரம் கழுவலும் தரும் நீரை ஏற்பது. அதனைச் சாம்பல் நீர் என்பர். மூன்றாவது மலகூடத்தின் கழிவை ஏற்பது; அது கரிய நீர் எனப்படும். சாம்பல் நீர் தூயது, அதனை மரத்தடியில் விட்டால் குற்றமில்லை என்பார் உளர். மினசோட்டாவின் சட்டம் அவ்வாறு கொள்ளவில்லை. குளியல் நீரையும் சமையலறை நீரையும் அது கழிவுநீர் என்றே வகுத்துள்ளது. உணவின் எச்சமும் கொழுப்பும் கிருமியும் அந்நீரிலும் உண்டு.

பயணத்தின் கணக்கு இத்தாங்கிகளிலிருந்தே தொடங்குகின்றது. ஒரு குடும்பத்தில் நால்வர் எனவும், தாங்கி ஒவ்வொன்றும் 150 லீற்றர் கொள்வது எனவும் வைத்துக்கொள்ளலாம். வண்டியின் குளியற்குழாய் நிமிடத்துக்கு ஏழரை லீற்றர் நீரைச் சொரிந்தால், ஐந்து நிமிடக் குளியல் ஒருவருக்கு ஏறத்தாழ 38 லீற்றர் ஆகும். நால்வர் குளித்தால் சாம்பல் நீர்த் தாங்கி ஒரே நாளில் நிறைந்துவிடும். உடலை நனைத்துக் குழாயை மூடிச் சவர்க்காரம் இட்டபின் மீண்டும் திறந்து கழுவுவோருக்குப் பத்து லீற்றர் போதும். நால்வருக்கு 40, சமையலுக்கும் முகங்கழுவலுக்கும் இன்னொரு 20, ஆக நாளொன்றுக்கு 60 லீற்றர். இக்கணக்கில் தாங்கி இரண்டரை நாள் தாங்கும். மலகூடத்தில் ஒருமுறை நீர் விடுவதற்கு ஒன்றரை லீற்றர் செலவாயின், நால்வர் நாளொன்றுக்கு ஐந்து முறை வீதம் பயன்படுத்த 30 லீற்றரும், கழிவோடு சேர்த்து 36 லீற்றரும் ஆகும். கரிய நீர்த் தாங்கி நான்கு நாளில் நிறையும். ஆகவே அக்குடும்பம் இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் கழிவு இறக்கும் நிலையமொன்றைக் கடந்து செல்லுதல் வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுவர். அழகிய ஏரியை முதலில் தேர்ந்து, நிலையத்தைப் பின்னர் தேடுவர். முறை இதற்கு மாறானது. முதலில் நிலையங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கிடையே ஏரிகளைத் தேர்ந்தெடுத்தலே அறிவுடைமை. மினியாப்பொலிஸ் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 220 மைல் தொலைவில் இற்றாஸ்கா மாநிலப் பூங்கா உண்டு. 1891இல் அமைந்த அப்பூங்காவில் கழிவு இறக்கும் நிலையம் இருக்கின்றது. அதற்குக் கிழக்கே, சிப்பெவா தேசிய வனத்தினுள் லீச், விண்ணிபிகோசிஷ், காஸ் என்னும் பெரிய ஏரிகள் கிடக்கின்றன. அவ்வனத்தின் தங்குமிடங்கள் பலவற்றில் வண்டிக்குத் தனி நீரிணைப்போ கழிவுக் குழாயோ இல்லை. வெறுந்தாங்கியோடு அங்கே செல்வோர் இரண்டு மூன்று நாள் இன்புற்றுத் தங்கலாம். நிறைந்த தாங்கியோடு செல்வோர் முதல் மாலையே இடர்ப்படுவர்.

மாநிலப் பூங்காக்கள் சில, தனியார் தங்குமிடங்கள், சிற்றூர்களின் எரிபொருள் நிலையங்கள் சில ஆகியவற்றில் இவ்வசதி கிடைக்கும். சில இடங்களில் கட்டணம் உண்டு. பழுதாகியோ பூட்டப்பட்டோ இருத்தலும் கூடும். ஆதலின் முன்கூட்டித் தொலைபேசியில் உசாவுதலும், மாற்றாக இரண்டாவது நிலையமொன்றை மனத்திற்கொள்ளுதலும் நன்று. ஞாயிறு நண்பகலில், வாரவிறுதித் தங்கலை முடித்தோர் யாவரும் ஒருங்கே புறப்படுவதால், வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்கும். முந்திய மாலையே இறக்கிவிடுவோர் அவ்வரிசையினின்று தப்புவர். 150 லீற்றர் நீரின் எடை 150 கிலோகிராம் என்பதையும் நினைத்தல் வேண்டும். நிறைந்த தாங்கிகளைச் சுமந்து நூறு மைல் ஓடுதல் வண்டிக்கும் நன்றன்று.

நிலையத்தில் செய்யவேண்டிய வேலைக்கு ஒரு முறை உண்டு. றப்பர்க் கையுறை அணிந்து, பருத்த குழாயை வண்டியோடும் நிலத்திலுள்ள துளையோடும் உறுதியாகப் பொருத்துதல் வேண்டும். முதலில் கரிய நீரைத் திறந்துவிடுதல். அது முற்றும் வடிந்தபின் சாம்பல் நீரைத் திறத்தல். பின்னே வரும் சவர்க்கார நீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். அங்கே கழுவுவதற்கென உள்ள நீர்க்குழாயைக் குடிநீருக்குப் பயன்படுத்தலாகாது. குடிநீர் நிரப்பும் குழாயைக் கழிவுக் குழாயின் அருகேயும் வைக்கலாகாது. வேலை முடிந்ததும் தரையில் சிந்தியதைக் கழுவிவிட்டு, கரிய நீர்த் தாங்கியினுள் சிறிது நீர் ஊற்றி வைத்தல் வேண்டும். தங்குமிடத்திலே கழிவுக் குழாய் இணைப்புப் பெற்றவர் சிலர், கரிய நீரின் அடைப்பைத் திறந்தபடியே விட்டுவிடுவர். அதனால் நீர் மட்டும் ஓடிப்போகத் திண்மம் உள்ளே குன்றுபோலக் குவிந்து இறுகிவிடும். தாங்கி நிறையும்வரை மூடிவைத்து ஒரே வீச்சில் திறந்தால்தான் நீரின் வேகம் அனைத்தையும் அள்ளிச் செல்லும்.

நிலையத்தில் இறக்கிவிட்டால் கடமை முடிந்ததா? நகரிலாயின் அது பெருங்கழிவாலைக்குச் செல்லும். நாட்டுப்புறத்தில் பலவிடங்களில் நிலத்தடித் தொட்டிக்கே செல்கின்றது. அத்தொட்டியில் திண்மம் அடியிலே படிய, பற்றீரியா அதனைச் சிதைக்கும். மேலே தெளிந்த நீர் துளைக்குழாய் வழியே மண்ணுள் பரவித் தூய்மையுறும். வண்டிக் கழிவோ குறைந்த நீரில் கரைந்திருப்பதால் வீட்டுக் கழிவைக் காட்டிலும் செறிவு மிக்கது. நாற்றத்தை அடக்குவதற்காக போமல்டிகைட்டு கலந்த மருந்தை ஊற்றுவோர், நாற்றத்தோடு பற்றீரியாவையும் கொல்கின்றனர். தொட்டியின் தொழிலாளர் மடிந்தால், சிதையாத கழிவு மண்ணுக்குட் சென்று துளைகளை அடைத்து, ஈற்றில் ஏரியை நோக்கி நகரும். ஆதலின் அம்மருந்து சேராத கலவைகளையும், விரைவில் கரையும் கடதாசியையும் மட்டும் பயன்படுத்துமாறு அறிந்தோர் கூறுவர். வனத் தங்குமிடங்களின் குழிமலகூடங்களில் வண்டித் தாங்கியைக் கவிழ்ப்பதும் தவறு. அவை அதற்கென அமைந்தவையல்ல.

கோடையோடு இவ்வினா ஓய்வதில்லை. ஒக்டோபர் மாதத்தில் உறைபனிக்கு அஞ்சிப் பூங்காக்கள் பல தம் நீர்க்குழாய்களை மூடிவிடும். கழிவு நிலையங்களும் அவற்றோடு மூடுண்ணும். பின்னர் ஏரிகள் உறைந்து கல்லாகும். அவ்வுறைபனியின்மேல் சக்கர வீடுகளை இழுத்துச் சென்று, துளையிட்டு மீன் பிடிப்பது வடநாட்டார் வழக்கம். அங்கே விடப்பட்ட குப்பையும் மலமும் பனியின்மேல் கிடந்து, இளவேனிலில் பனி உருகியதும் நேரே ஏரிக்குள் இறங்கும். 2023ஆம் ஆண்டிலே மினசோட்டா சட்டமன்றம், பனியின்மேல் கழிவை இடுதலைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பாருக்கு அவ்வேரிகளே விடை கூறும். லீச் ஏரியைச் சூழ்ந்து வாழும் ஒஜிப்வே மக்கள், ஆழமில்லாத நீரில் தானே விளையும் காட்டு நெல்லை மனோமின் என்று போற்றுவர். கோடை முடிவில் இருவர் ஒரு தோணியில் ஏறி, ஒருவர் தள்ள மற்றவர் இரு கோல்களால் கதிரைத் தோணிக்குள் தட்டி உதிர்ப்பர். அந்நெல் அவர்க்கு உணவும் வழிபாட்டுப் பொருளுமாகும். விடுமுறைக்கு வந்தவர் மூன்று நாளில் திரும்பிவிடுவர். அந்நீரை நம்பி வாழ்வோர் அங்கேயே இருப்பர்.

கீழ்த்திசையிலும் மக்கள் உளர். இற்றாஸ்கா ஏரியிலே மிசிசிப்பி ஆறு பிறக்கின்றது. ஏரியிலிருந்து நீர் வழியும் இடத்தில் கற்களை மிதித்துச் சிறுவரும் ஆற்றைக் கடந்துவிடலாம். அவ்வாறு முதலில் வடக்கே ஓடி, காஸ், விண்ணிபிகோசிஷ் ஏரிகளுட் புகுந்து வெளிப்பட்டு, தெற்கே திரும்பி, செயின்ற் கிளவுட், மினியாப்பொலிஸ் நகரங்களை அடைகின்றது. அந்நகரங்கள் குடிப்பது அவ்வாற்று நீரையே. மினியாப்பொலிசிலிருந்து வண்டியோட்டி வந்த குடும்பத்தார் ஊற்றருகே எதை விட்டுச் செல்கின்றனரோ, அது அவர்களுக்கு முன்னோ பின்னோ அவர்தம் ஊரை நோக்கியே பயணப்படுகின்றது. வரைபடத்தில் முதலில் நிலையத்தைக் குறித்தவர், தம் வீட்டுக் கிணற்றைக் காத்தவரே ஆவர்.