ஒரே எடையில் 67 சண்டை: மார்வின் ஹேக்லர் ஏன் பிரிவு மாறவே இல்லை?

ஒரு குத்துச்சண்டை வீரரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே, 'எத்தனை வெயிட்ல பெல்ட் ஜெயிச்சிருக்கார்?' என்பதுதான் இப்போதெல்லாம் முதல் கேள்வி. பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியோ 8 எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர். 112 பவுண்டில் (சுமார் 51 கிலோ) முதல் உலகப் பட்டம், 154 பவுண்டில் (சுமார் 70 கிலோ) எட்டாவது. இந்தக் கணக்கில் அமெரிக்காவின் மார்வின் ஹேக்லருக்குக் கிடைக்கும் எண் வெறும் 1. 1973 முதல் 1987 வரை 67 சண்டைகள், எல்லாம் மிடில்வெயிட் வீரராகவே. அதாவது 160 பவுண்டு, நம்ம கணக்கில் 72.57 கிலோ. அதற்கு மேலே போய் ஒரு பட்டத்துக்குக்கூட அவர் கை வைக்கவில்லை.

ஆனால் மிடில்வெயிட் என்றதும் ரசிகர்கள் முதலில் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களில் அவர் பெயர் இருக்கும்.

எடை மாறுவது ஏன்?

ஆரம்பத்தில் குத்துச்சண்டையில் இருந்தவை 8 பிரிவுகள்தான். இடையிடையே 'ஜூனியர்', 'சூப்பர்' என்று செருகிச் செருகி இன்று 17, 18 என்று வந்து நிற்கிறது. பிரிவுகளுக்கு நடுவே இடைவெளி குறைந்ததால் தாவுவதும் எளிதாகிவிட்டது. இருபது வயதில் உடம்பை வற்றவைத்து எடை காட்டியவர், முப்பதில் அதே எடைக்கு இறங்க முடியாமல் தவிப்பார். மேலே ஒரு படி ஏறினால் சாப்பாடும் கிடைக்கும், இன்னொரு பெல்ட்டும் கிடைக்கலாம், பணமும் கூடும். மாறாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேவைப்படுகிறது.

ஒரு கல்யாணப் பந்தியில் ரெண்டு வேளை உட்கார்ந்தாலே நமக்கு பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போகிறது. 14 வருடம் அதே 72 கிலோவில் நிற்பது சும்மா இல்லை. அதுவும் அந்தக் காலத்தில் எடை பார்ப்பது சண்டை நடக்கும் நாள் காலையிலேயே. இப்போது முந்தைய நாளே பார்த்துவிடுகிறார்கள். தண்ணீர் குடிக்காமல் காய்ந்து எடை காட்டிவிட்டு, மறுநாளுக்குள் பல கிலோ ஏற்றிக்கொண்டு ரிங்குக்கு வர முடிகிறது. ஹேக்லர் காலத்தில் அப்படிக் காய்ந்தவர் அன்று மாலையே தள்ளாடுவார். அதனால் இயல்பான எடையே அவருக்கு ஆயுதம். சண்டைக்கு முன்னால் மாசசூசெட்ஸின் கடலோர ஊரான புராவின்ஸ்டவுனில் போய்த் தனியாக அடைந்துகொள்வார். அந்த முகாமுக்கு அவர் வைத்த பெயர் 'ஜெயில்'. ஓடுவதற்கு ராணுவ பூட்ஸ்.

கிடைக்காத வாய்ப்பு

1954-ல் நியூஜெர்சியின் நியூவார்க்கில் பிறந்தவர். 1967 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் மாசசூசெட்ஸின் பிராக்டனுக்குக் குடிபெயர்ந்தது. ஹெவிவெயிட்டில் 49 சண்டை போட்டு ஒன்றில்கூடத் தோற்காத ராக்கி மார்சியானோ பிறந்த ஊர் அது. அங்கே பெட்ரோனெல்லி சகோதரர்களின் ஜிம்மில் சேர்ந்தவர், கடைசி சண்டைவரை அவர்களை விட்டுப் போகவே இல்லை. எடை மட்டுமல்ல, பயிற்சியாளரும் மாறவில்லை.

நல்ல ஆளு, இடதுகைக்காரர், கறுப்பர்: இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் உனக்கு வாய்ப்பு வராது என்று ஜோ ஃபிரேசியர் அவரிடம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். பட்டத்துக்கு மோத அவருக்கு முதல் வாய்ப்பு கிடைத்தது 1979 நவம்பரில், அவருடைய 50-வது சண்டையில். எதிரே சாம்பியன் வீட்டோ ஆன்டுஃபெர்மோ. ஹேக்லர் ஜெயித்துவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். நடுவர்கள் 'டிரா' என்றார்கள். டிரா என்றால் பெல்ட் சாம்பியனிடமே இருக்கும்.

பத்து மாதம் கழித்து லண்டன் வெம்ப்ளியில், ஆலன் மின்டரை மூன்றே ரவுண்டில் முடித்தார். உள்ளூர் சாம்பியன் தோற்ற ஆத்திரத்தில் கூட்டம் ரிங்குக்குள் பாட்டில்களை வீசியது. புது சாம்பியனை போலீஸ்தான் பாதுகாப்பாக வெளியே கொண்டுபோனது. பெல்ட்டைக்கூட அங்கே இடுப்பில் கட்ட முடியவில்லை.

மேலே போகாததற்கு என்ன காரணம்?

அப்போது மிடில்வெயிட்டுக்கு அடுத்த படி 175 பவுண்டு லைட் ஹெவிவெயிட். நடுவே 15 பவுண்டு, கிட்டத்தட்ட 7 கிலோ பள்ளம். 168 பவுண்டு சூப்பர் மிடில்வெயிட் உலகப் பட்டம் வந்ததே 1984-ல்தான். ஹேக்லரின் உயரமோ ஐந்தடி ஒன்பதரை அங்குலம். லைட் ஹெவியில் அவர் சின்ன ஆள். இதை உறுதி என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்குதான். அவர் உடம்புக்கு அதுவே சரியான இடம் என்பதும் உண்மை.

இன்னொன்று, அவர் போகத் தேவையே இல்லாமல் மற்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். லைட்வெயிட்டில் (135) சாம்பியனான ராபர்ட்டோ டுரான், வெல்டர்வெயிட்டில் (147) சாம்பியனான தாமஸ் ஹேர்ன்ஸ், ஷுகர் ரே லியோனார்ட் எல்லாரும் எடை ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். இதையே குறையாகச் சொல்பவர்களும் உண்டு: பெரிய பெயர்களில் அவர் ஜெயித்ததெல்லாம் தன்னைவிடச் சின்னவர்களைத்தானே? கேள்வி நியாயமானதுதான். ஆனால் 12 முறை பட்டத்தைக் காப்பாற்றியதில் 11 சண்டைகள் முழு ரவுண்டுகளும் போகவில்லை. அவற்றில் பல, மிடில்வெயிட்டிலேயே ஊறியவர்களோடு நடந்தவை. 15 ரவுண்டும் தாக்குப்பிடித்த ஒரே ஆள் டுரான். 1985-ல் ஹேர்ன்ஸோடு நடந்தது மூன்று ரவுண்டுகூட முடியவில்லை. நெற்றி கிழிந்து ரத்தம் வழிய, டாக்டர் சண்டையை நிறுத்திவிடுவாரோ என்ற நிலையில் ஹேக்லர் பாய்ந்து முடித்த அந்தச் சில நிமிடங்களை இன்றும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஒரே பிரிவில் இருந்தவர் இவர் மட்டுமல்ல. ஜெர்மனியின் ஸ்வென் ஒட்கே சூப்பர் மிடில்வெயிட்டில் மட்டுமே 34 சண்டை போட்டு, 34-ம் ஜெயித்து, 21 முறை பட்டத்தைக் காத்து 2004-ல் ஓய்வு பெற்றார். ஆனால் பெரும்பாலும் சொந்த நாட்டில், பாயின்ட் கணக்கில். அதனால் அந்த எண்ணுக்கு ஹேக்லரின் மரியாதை கிடைக்கவில்லை. மார்சியானோ கதை வேறு. ஹெவிவெயிட்டுக்கு மேலே மாடியே கிடையாது. நம்ம மேரி கோமுக்கோ நிற்கும் வாய்ப்பே இல்லை: 48 கிலோவில் உலக சாம்பியனாக இருந்தவர், 2012 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த மூன்றே பிரிவுகளில் குறைந்தது 51 கிலோ என்பதால் ஏறித்தான் ஆகவேண்டியிருந்தது.

அந்தக் கடைசி இரவு

1987 ஏப்ரல் 6, லாஸ் வேகாஸ். மூன்று வருடம் சண்டையே போடாத லியோனார்ட், கீழிருந்து ஏறி வந்து சவால் விட்டார். ஹேக்லருக்குப் பணம் கூடுதல். பதிலுக்கு லியோனார்ட் கேட்டு வாங்கியது பெரிய ரிங், கனமான கையுறை, 15-க்குப் பதிலாக 12 ரவுண்டு. யார் புத்திசாலித்தனமாகப் பேரம் பேசினார்கள் என்பது அன்றிரவே தெரிந்தது. ஒரு நடுவர் 115-113 என ஹேக்லருக்குக் கொடுத்தார், இன்னொருவர் அதே கணக்கை லியோனார்டுக்கு. மூன்றாமவர் 118-110 என லியோனார்டுக்கு. இந்த 118-ஐ இன்றுவரை பலரால் ஜீரணிக்க முடியவில்லை, எனக்கும்தான்.

அடுத்த ஆண்டு நவம்பரில் லியோனார்ட் ஒரே சண்டையில் 168, 175 என இரண்டு எடைக்கும் சேர்த்து இரண்டு பெல்ட் வாங்கினார். ஹேக்லர் அதற்குள் ஓய்வை அறிவித்துவிட்டு இத்தாலிக்குப் போய் சினிமாவில் நடிக்கத் தொடங்கியிருந்தார். மறுபடியும் மோதலாம் என்ற பேச்சு வந்தபோதும் அசையவில்லை. 62 வெற்றி, 3 தோல்வி, 2 டிரா. 2021 மார்ச் 13-ல், 66 வயதில் இறக்கும்வரை அந்தக் கணக்கில் ஒரு எண்கூடக் கூடவில்லை.