கூட்ஸ் ரயிலின் வாலில் 4 சக்கர 'கார்டு பெட்டி'... கண்ணில் பட்டால் விடாதீங்க!

ரயில்வே கேட்டில் காத்து நிற்கும்போது கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியை கவனிச்சிருக்கீங்களா? திண்ணை வைத்த குட்டிப் பெட்டி. அதுதான் கார்டு பெட்டி.

புதுசுக்கு 8 சக்கரம். 4 சக்கரம் என்றால் பழசு, குறைந்துகொண்டே வருகிறது. ஓடும்போது தூக்கித் தூக்கிப் போடும். பழசில் பலவற்றில் லைட் இல்லை, கழிவறை இல்லை. ராத்திரியெல்லாம் கார்டு தனி ஆள். (2022 முதல் அவர் 'டிரெயின் மேனேஜர்'. பெயர்தான் மாறிச்சு, குலுக்கல் மாறலை.)

பின்னால் தொங்கும் 'எல்.வி.' பலகைக்கு 'கடைசி வண்டி' என்று அர்த்தம். அது இல்லாமல் ரயில் போனால், வழியில் வேகன் கழன்று நிற்கிறதோ என்று ஸ்டேஷன் மாஸ்டர் உஷாராகி, அந்தப் பாதையில் அடுத்த ரயிலை விடமாட்டார்.

இப்போது கார்டு பெட்டிக்குப் பதில், கடைசி வேகனில் மாட்டும் கருவியை ரயில்வே கொண்டுவர ஆரம்பித்திருக்கிறது. வேகன் பிரிந்தால் இன்ஜினில் இருக்கும் டிரைவருக்கே தகவல் போய்விடும்.