மொட்டை மாடியில் நுரை அடிக்கும் முன்

தகர ஷீட் போட்ட ஷெட்டுக்குள் சித்திரை மாதப் பகலில் வேலை பார்த்தவர்களுக்கு 'பஃப்' அடித்த கூரையின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்து வெளியேறி, சில நொடிகளில் பொங்கி இறுகுவதுதான் இந்தப் பாலியூரித்தேன் நுரை. அதன் நுண்ணறைகளில் அடைபட்ட வாயு வெப்பத்தை எளிதில் கடத்தாது. இணைப்பு இடுக்குகளையும் நுரையே அடைத்துவிடும். ஏசி ஓடும் நேரம் குறையும். பலன் உண்மையானது, சிக்கல் அடிக்கிற விதத்தில்தான்.

முதல் ஆபத்து தீ. எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வெளியாகும். தென்கொரியாவின் இச்சான் நகரில் 2008 ஜனவரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 40 பேர் இறந்தார்கள். அதே ஊரில் 2020 ஏப்ரலில், கட்டுமானத்தில் இருந்த கிடங்கில் 38 பேர். இரண்டிலும் தீயை மூர்க்கமாக்கியது இந்த நுரைதான். ஆகவே வீட்டுக்குள் நுரையை வெறுமனே விடக்கூடாது. ஜிப்சம் பலகை போன்ற தீத்தடுப்பு மேலே வேண்டும். பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போது நுரை அடிக்கவே கூடாது.

அடுத்த ஆபத்து மூச்சுக்கு. கலக்கும் திரவங்களில் ஒன்று ஐசோசயனேட். போபாலில் கசிந்த வாயுவுக்குத் தூரத்து உறவு. அந்த அளவு கொடியது இல்லைதான், ஆனாலும் ஆஸ்துமாவைக் கிளப்பும். அடிப்பவருக்குச் சுவாசக் கவசம் கட்டாயம். தயாரிப்பாளர் குறிப்பிடும் நேரம் முடியும்வரை வீட்டார் வெளியே இருக்க வேண்டும்.

மாடியில் நீர்க்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நுரை கசிவை மறைக்கும். உள்ளே கம்பி துருப்பிடிப்பது தெரியாது. வெயில் பட்டால் நுரையே பழுத்துப் பொடியாகும் என்பதால் மேல்பூச்சும் அவசியம்.

கொட்டேஷனில் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், அடர்த்தி எவ்வளவு (கூரைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 40 முதல் 50 கிலோ), மேல்பூச்சு என்ன, வாரண்டி எத்தனை ஆண்டு என்று எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் மெல்லிய கம்பியால் நான்கைந்து இடத்தில் குத்தித் தடிமனை அளந்துவிட்டு, ஓட்டைகளை அடைக்கச் சொல்லி, அதன்பிறகே மீதிப் பணம் கொடுங்கள்.

ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். ஆனால் லாப நோக்கில் நடத்தும் கிடங்குக்கோ ஆலைக்கோ அடித்திருந்தால் இந்த வழி பொதுவாகத் திறக்காது. சுயதொழிலாக வயிற்றுப்பாட்டுக்கு நடத்தும் பட்டறைக்கு விலக்கு உண்டு.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். பில் வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.