உறைந்த மண் உருகினால்...

கடப்பாக்கத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ விடியற்காலையில் கரையேறும் மீன், அச்சரப்பாக்கம் கடைத்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் மீன் கெடுவதில்லை. பெட்டிக்குள் உடைத்த ஐஸ் போட்டிருக்கிறார்கள் அல்லவா? குளிரில் பாக்டீரியாக்கள் முடங்கிக் கிடக்கின்றன. வேதியியல் மாற்றங்களும் நத்தை வேகத்தில் நடக்கின்றன. ஐஸ் உருகட்டும், ஒரே பகலில் அந்தப் பெட்டியின் அருகில் நிற்க முடியாது!

மாணவ நண்பர்களே, பூமியின் தலைப்பக்கத்திலும் இதுபோன்ற ஓர் ஐஸ் பெட்டி இருக்கிறது. மிகமிகப் பெரிய பெட்டி. அது இப்போது உருகத் தொடங்கியிருக்கிறது. அதற்குள் இருப்பது மீன் அல்ல. பாதரசம், இரும்பு, துத்தநாகம், நிக்கல், காட்மியம் முதலிய உலோகங்கள். குளிர் ஒரு பூட்டாக நின்று இவற்றைக் காத்து வந்தது. அந்தப் பூட்டு எப்படிப் பூட்டப்பட்டது, எப்படித் திறக்கிறது, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவற்றைப் பார்ப்போம்.

உறைமண் என்பது என்ன?

தொடர்ந்து இரண்டு ஆண்டுகளேனும் 0 டிகிரி செல்சியசிலோ அதற்குக் கீழேயோ இருக்கும் நிலத்தை விஞ்ஞானிகள் ‘நிரந்தர உறைமண்’ என்கிறார்கள். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா ஆகிய பகுதிகளில் இது பரந்து கிடக்கிறது. வடகோளத்தில் இதன் பரப்பு சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். நம் இந்தியாவைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம்! சைபீரியாவின் சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே வரை மண் உறைந்திருக்கிறது.

கோடையில் மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டும் இளகும். குளிர்காலத்தில் மறுபடியும் இறுகும். ஆனால் 1979க்குப் பிறகு வடதுருவப் பகுதி, உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகி வருகிறது. ஆகவே கோடையில் இளகும் அடுக்கு ஆண்டுக்கு ஆண்டு ஆழமாகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உறங்கிய மண் விழித்துக்கொள்கிறது.

பாதரசம் அங்கே எப்படிப் போயிற்று?

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் கொடைக்கானலுக்குப் போக வேண்டும்.

1983ஆம் ஆண்டு, அமெரிக்காவில் இயங்கிக்கொண்டிருந்த வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பெயர்த்துக் கொண்டுவரப்பட்டுக் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் குவிந்து கிடப்பது 2001இல் வெளிச்சத்துக்கு வந்தது. மக்கள் போராடினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் கொடைக்கானலில் ஆய்வு செய்தபோது, ஏரி நீரிலும் அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்தது. அது மட்டுமல்ல, மரங்களில் படரும் பாசிகளிலும் இருந்தது. மரத்துப் பாசிக்கு யார் பாதரசம் ஊற்றினார்கள்? ஒருவரும் இல்லை. காற்றே கொண்டுபோய்க் கொடுத்தது!

பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி. ஆனால் கொதித்தால்தான் ஆவியாகும் என்பதில்லை. கொடியில் காயும் ஈர வேட்டி கொதிக்கிறதா என்ன? சாதாரண வெப்பநிலையிலும் பாதரசம் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் அதன் ஆவியழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. இவ்வாறு காற்றில் ஏறிய பாதரசம் பல மாதங்கள் அங்கேயே மிதக்கும். அதற்குள் காற்று அதை உலகம் முழுவதும் சுற்றிக் காட்டிவிடும். கொடைக்கானலிலிருந்து கிளம்பிய ஓர் அணு எங்கே போய் இறங்கியது என்று விரல்நீட்டிச் சொல்ல முடியாது. ஆனால் காற்றுக்கு எல்லைக்கோடு கிடையாது என்பது உறுதி.

துருவத்தில் அது இறங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. நீண்ட துருவ இரவு முடிந்து சூரியன் உதிக்கும்போது, கடல் உப்பிலிருந்து வரும் புரோமின் காற்றிலுள்ள பாதரசத்தோடு வினைபுரிகிறது. பாதரசம் பனியின்மேல் படிகிறது. கனடாவின் அலர்ட் என்னும் இடத்தில் 1995இல் எடுக்கத் தொடங்கிய அளவீடுகள் இதை வெளிப்படுத்தின. இரண்டாவது வழி, கொடைக்கானல் பாசியின் வழியேதான். துருவச் சமவெளியின் பாசிகளும் செடிகளும் காற்றிலிருந்து பாதரசத்தை உறிஞ்சுகின்றன. அவை மடிந்து மண்ணில் புதைகின்றன. குளிரில் மட்குவதில்லை. இலையோடு பாதரசமும் ஐஸ் பெட்டிக்குள் அடைபட்டுவிடுகிறது. எரிமலைகள் கக்கிய பாதரசமும் இவ்வாறே பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது.

பூட்டு திறக்கும் முதல் வழி

உறைமண் வட்டாரத்தில் மொத்தம் சுமார் 16 லட்சம் டன் பாதரசம் இருக்கலாம் என்று 2018இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் இதைக் குறைத்துக் கூறின. ஆயினும் அவையும் லட்சக்கணக்கான டன் என்றே சொல்கின்றன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்குக்காக 5 லட்சம் டன் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓர் ஆண்டில் வெளியேறினால் எவ்வளவு? 500 டன். 2015ஆம் ஆண்டில் உலக மக்கள் அனைவரும் சேர்ந்து காற்றில் கலந்த பாதரசம் ஏறத்தாழ 2,200 டன். ஆயிரத்தில் ஒரு பங்கே மனிதரின் பங்கில் கால்வாசிக்கு அருகே வந்துவிடுகிறது பார்த்தீர்களா?

மண் இளகியதும் பாக்டீரியாக்கள் பழைய இலைதழைகளை மட்கச் செய்கின்றன. பாதரசம் விடுபட்டு ஆற்றுக்குப் போகிறது. ஆக்சிஜன் இல்லாத சதுப்புச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. சிறு பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் போகப் போக இதன் செறிவு பெருகும். ஜப்பானின் மினமாட்டா நகரில் மீன் உண்டவர்களை முடமாக்கிய நோய் 1956இல் கண்டறியப்பட்டது. அதற்குக் காரணம் ஆலையிலிருந்து கடலில் கலந்த இதே பொருள்தான். கரியமில வாயுவைக் கட்டுப்படுத்தாவிட்டால், அலாஸ்காவின் யூகான் ஆற்று மீன்களில் பாதரசம் 2050க்குள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டக்கூடும் என்கிறது 2020இல் வெளியான ஓர் ஆய்வு. அந்த ஆற்றங்கரை மக்களுக்கு மீன்தான் சோறு. அவர்கள் ஆலையும் கட்டவில்லை, நிலக்கரியும் எரிக்கவில்லை!

இரண்டாம் வழி: செந்நிற ஆறுகள்

அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் கண்ணாடிபோல் தெளிந்து ஓடிய ஓடைகள் செம்மஞ்சள் நிறமாக மாறிவருகின்றன. 2024இல் வெளியான ஆய்வு 75 ஓடைகளைக் கணக்கிட்டது. அவற்றில் இரும்பும் துத்தநாகமும் நிக்கலும் காட்மியமும் மிகுந்திருந்தன. ஓர் ஓடையில் நிறம் மாறியபின் மீன்களே காணாமற் போயின.

இங்கே சூழ்ச்சி செய்வது பைரைட் என்னும் கனிமம். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. உறைந்த பாறையில் அது சாதுவாக இருக்கும். பனி உருகி, நீரும் ஆக்சிஜனும் எட்டியதும் அது சிதைகிறது. ஒவ்வொரு மூலக்கூறு பைரைட்டும் முற்றிலும் சிதைந்தால் இரண்டு மூலக்கூறு கந்தக அமிலம் பிறக்கும்! அந்த அமிலம் பாறையிலுள்ள மற்ற உலோகங்களைக் கரைத்து எடுத்துவருகிறது. இரும்பு துருவாகப் படிந்து ஆற்றைச் சிவக்க வைக்கிறது. இதுவே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதற்கு ஒப்பான ஒரு காட்சி நம் பக்கத்து மாநிலத்திலேயே உண்டு. கேரளத்தின் குட்டநாட்டில் ‘கரி’ நிலம் என்று ஒன்று இருக்கிறது. நீர் நிற்கும்வரை அதிலுள்ள பைரைட் அடங்கிக் கிடக்கும். நிலம் காய்ந்து காற்றுப் பட்டால் மண் கடும் அமிலமாகிவிடும். உழவர்கள் சுண்ணாம்பு போட்டு அதைத் தணித்து நெல் பயிரிடுகிறார்கள். அங்கே பூட்டு நீர். துருவத்தில் பூட்டு பனி. உள்ளே இருக்கும் பொருள் ஒன்றே.

நீங்களே பார்க்க வேண்டுமா? முதலியார்குப்பம் உப்பங்கழி ஓரத்தில், பெரியவர் ஒருவர் துணையோடு, கைப்பிடி கறுப்புச் சேறு எடுத்து வாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசும். கந்தகத்தின் அடையாளம் அது. கறுப்பு நிறம் இரும்பு சல்பைடின் நிறம். ஒரு தட்டில் பரப்பி ஓரிரு நாள் காற்றாட வையுங்கள். மேற்பரப்பு பழுப்பாக மாறும். உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு அப்படியே இருக்கும். காற்றுப் பட்ட இடத்தில் மட்டும் மாற்றம்! நம் உப்பங்கழிச் சேற்றில் கிளிஞ்சல்கள் கலந்திருந்தால், அந்தச் சுண்ணாம்பு அமிலத்தைத் தணித்துவிடும். புரூக்ஸ் மலையின் ஓடைகள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

துருவத்தைக் கவனிப்பதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 2008இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. 2014இல் அதன் அருகிலுள்ள கடற்கழியில், நீருக்கடியில் நின்று வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும் ‘இண்டார்க்’ என்னும் கருவித்தொகுதி இறக்கப்பட்டது. அதை உருவாக்கியதில் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பங்கு உண்டு.

கவனிப்பது மட்டும் போதாது. நம் நாட்டில் காற்றில் கலக்கும் பாதரசத்தின் பெரும்பகுதி நிலக்கரிப் புகையிலிருந்து வருகிறது. அதே புகையிலுள்ள கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது. அதாவது, ஒரே புகைபோக்கி ஐஸ் பெட்டிக்குள் நஞ்சையும் போடுகிறது, பெட்டியையும் உருக்குகிறது! பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2018இல் இந்தியா அதை ஏற்றது. இனி அதைச் செயலாக்குவதுதான் வேலை.

உங்கள் வீட்டிலோ பள்ளி ஆய்வுக்கூடத்திலோ பாதரச வெப்பமானி உடைந்தால், துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; கையாலும் தொடாதீர்கள். சன்னல்களைத் திறந்துவிட்டுப் பெரியவர்களை அழையுங்கள். துளிகளைக் கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடைத்து, ஆசிரியரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். சாக்கடையில் மட்டும் போடக் கூடாது. அச்சரப்பாக்கத்துச் சாக்கடையில் விழுந்த துளி ஆவியாகி எங்கே போய்ச் சேரும் என்பதை இப்போது நீங்களே பிறருக்குச் சொல்லலாம்.