இழுக்கும் காரும் தள்ளும் காரும்

1964 ஜனவரி. மோன்டே கார்லோ ரேலி. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பனி மூடிய கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் தாண்டி வந்த கார்களில் முதல் பரிசு வாங்கியது ஒரு மினி கூப்பர் எஸ். பத்தடி நீளம், பத்து அங்குலச் சக்கரம், 1,071 சிசி எஞ்சின். ஓட்டியவர் வட அயர்லாந்தின் பேடி ஹாப்கிர்க். இரண்டாவதாக வந்தது ஸ்வீடன் வீரர் பூ யுங்ஃபெல்ட் ஓட்டிய அமெரிக்க ஃபோர்டு ஃபால்கன். அதில் இருந்த வி8 எஞ்சின், மினியின் எஞ்சினைவிடச் சுமார் நான்கு மடங்கு பெரியது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஃபால்கன்தான் வேகமான கார். சிறிய எஞ்சினுக்குச் சலுகை தரும் அந்தக் காலத்துப் புள்ளி விதிதான் மினியை முதலிடத்தில் உட்கார வைத்தது. ஆனாலும் அவ்வளவு பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு ஃபால்கனால் அந்தப் பொடியனை உதறிவிட்டுப் போக முடியவில்லை.

அதே வருடம் ஏப்ரல் 17-ம் தேதி, நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு ஒரு புதுக் காரைத் திரை விலக்கிக் காட்டியது. ஃபால்கனின் அடித்தளத்தை எடுத்து, நீண்ட பானெட்டும் குட்டையான பின்பகுதியும் கொடுத்துச் செய்த கார். பெயர் மஸ்டாங். ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளே சுமார் 22,000 ஆர்டர்கள் குவிந்தன. போன்டியாக் ஜி.டி.ஓ. வந்ததும் அந்த வருடத்து மாடலாகத்தான். நடுத்தர அளவு காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு விதி போட்டிருந்தது. போன்டியாக் பொறியாளர் ஜான் டெலோரியனின் குழு அதில் ஒரு சந்து கண்டுபிடித்தது. 389 கன அங்குல எஞ்சினைத் தனி மாடலாக அறிவிக்காமல், விரும்புகிறவர்கள் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகளின் பட்டியலில் போட்டுவிட்டார்கள். மசில் கார் என்று நாம் இன்று சொல்லும் வகைக்கு அதையே தொடக்கமாகப் பலர் கொள்கிறார்கள்.

ஒரு பக்கம், முன்சக்கரங்களால் தன்னை இழுத்துக்கொண்டு ஓடும் சின்னக் கார். மறுபக்கம், பின்சக்கரங்களால் தள்ளிக்கொண்டு பாயும் பெரிய கார். ‘எது உசத்தி?’ என்ற சண்டை அறுபது வருடத்துக்கும் மேலாக ஓயவில்லை. இன்றைக்கு அந்தச் சண்டையைப் போடத் தகுதியான ஜோடி என்று நான் நினைப்பது ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.யையும் ஹோண்டா சிவிக் டைப் ஆரையும்தான்.

மஸ்டாங்கில் 5 லிட்டர் வி8. 480 குதிரைத்திறன். எடை 1,700 கிலோவுக்கு மேல். சிவிக்கில் 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. 315 குதிரைத்திறன். எடை சுமார் 1,450 கிலோ. நேர்ச்சாலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மிதித்தால் மஸ்டாங் முந்தும், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஜோடியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் மஸ்டாங்கில் 2,720 மில்லிமீட்டர், சிவிக்கில் கிட்டத்தட்ட 2,735. ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் இழுப்பதற்கும் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு கார்களிலும் கலப்படம் இல்லாமல் பார்க்க முடியும்.

எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதன் பலம் தரையில் இறங்குவது டயரும் சாலையும் தொட்டுக்கொள்கிற உள்ளங்கை அகல இடத்தில்தான். அங்கே கிடைக்கிற பிடிப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை மாதச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அதில் ஒரு பங்கு போகும். பிரேக் பிடித்தால் ஒரு பங்கு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு பங்கு. மொத்தமும் தீர்ந்துவிட்டால் டயர் வழுக்கும். கடன் கொடுக்க ஆள் கிடையாது.

முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர்கள்தான் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும், பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு சுமையையும் தாங்க வேண்டும். பின்னால் இருக்கும் இரண்டும் ஏறக்குறைய சும்மா உருண்டு வருகின்றன. மஸ்டாங்கில் வேலை பிரிந்திருக்கிறது. முன்னது திருப்பும், பின்னது தள்ளும். ‘பின்சக்கரக் கார்தான் உண்மையான டிரைவரின் கார்’ என்று பழைய கைகள் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

எடைக் கணக்கும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறது, ஆனால் ஓரளவுக்கு. சிவிக் சும்மா நிற்கும்போது அதன் எடையில் சுமார் 62 சதவிகிதம் முன்சக்கரங்களின் மேல். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் அங்கேதானே இருக்கிறது! மஸ்டாங்கின் பின்சக்கரங்களின் மேல் சுமார் 46 சதவிகிதம். அதாவது, இயக்குகிற சக்கரத்தின் மேல் அதிகச் சுமை வைத்திருப்பது சிவிக். இப்போது மிதியுங்கள். கார் முன்னால் பாயும்போது எடை பின்னால் சாயும். புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வேகம் கூட்டினால், இந்த நீளமுள்ள காரில் சுமார் 9 சதவிகித எடை முன்னாலிருந்து பின்னுக்கு நகரும். சிவிக்கின் முன்சக்கரத்தில் 53 மிச்சம். மஸ்டாங்கின் பின்சக்கரத்தில் 55. கதை தலைகீழாகிவிட்டது. இன்னும் அழுத்தி மிதிக்க மிதிக்க மஸ்டாங்குக்குப் பிடிப்பு ஏறும், சிவிக்குக்குக் குறையும். கால் மைல் நேர்ச்சாலைப் போட்டியான டிராக் ரேஸில் முன்சக்கரக் கார்கள் அபூர்வமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் மழை பெய்தால்? ஈரச் சாலையில் அவ்வளவு அழுத்தி மிதிக்கவே முடியாது. புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மட்டும் வேகம் கூட்டினால், நகர்வது நான்கு சதவிகிதம்கூட இல்லை. சிவிக்கிடம் 58, மஸ்டாங்கிடம் 50. மறுபடியும் சின்னக் காரின் கை ஓங்குகிறது. 1964-ல் ஆல்ப்ஸ் பனியில் மினிக்குத் துணை நின்றதும் இந்தக் கணக்குதான். புள்ளி விதி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இனி வளைவுக்கு வருவோம். இரண்டாவது கியரில் ஒரு கொண்டை ஊசி வளைவு. பாதி திரும்பியாகிவிட்டது, வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிகிறது, கால் ஆக்ஸிலரேட்டருக்குப் போகிறது. மஸ்டாங்கில் இந்த இடத்தில் கட்டைவிரலின் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் பின்பகுதி வெளிப்பக்கமாக நகரும். அதை முதலில் உணர்வது முதுகும் இடுப்பும்தான். கண்ணுக்கு அப்புறம்தான் தெரியும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, காலை ஒரேயடியாக எடுத்துவிடாமல் நிதானமாக விட்டுக்கொடுக்க வேண்டும். தெரிந்தவருக்கு அது பேரின்பம். தெரியாதவருக்கு மரம்.

அதே இடத்தில் பழைய முன்சக்கரக் காரில் நேர்வது வேறு. உள்பக்கத்து முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்திருக்கும். சாதாரண டிஃபரன்ஷியலில், ஒரு பக்கம் சுழன்று வீணானால் மறுபக்கத்துக்கும் பலம் போகாது. உள்சக்கரம் கிறீச்சிட்டுச் சுழலும், காரின் மூக்கு வளைவை விட்டு வெளியே போய்க்கொண்டே இருக்கும். அது போதாதென்று ஸ்டீயரிங் வேறு கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ‘டார்க் ஸ்டீயர்’ என்பார்கள். 200 குதிரைத்திறனுக்கு மேல் முன்சக்கரத்தில் ஏற்றக் கூடாது என்று பல காலம் நம்பப்பட்டதற்கு இதுவே காரணம்.

ஹோண்டா இதைத் தீர்த்த விதம் என்னை வியக்க வைக்கிறது. சக்கரம் எந்தக் கோட்டை மையமாக வைத்துத் திரும்புகிறதோ அந்தக் கோடு, சாதாரண ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்து தள்ளி நிற்கும். அந்த இடைவெளி ஒரு நெம்புகோல் போலாகிவிடுகிறது. எஞ்சின் பலமாக இழுக்கும்போது அந்த நெம்புகோல்தான் ஸ்டீயரிங்கைத் திருகுகிறது. டைப் ஆரில், பள்ளம் மேட்டைத் தாங்கும் ஸ்ட்ரட் திரும்பாமல் நிற்கும். திரும்புவதற்கென்று தனியாக ஒரு பாகம் உண்டு. ஆக, திரும்பும் கோட்டைச் சக்கரத்தின் நடுவுக்கு நெருக்கமாகக் கொண்டுவர முடிந்தது. நெம்புகோல் சுருங்கியது, திருகலும் அடங்கியது. கூடவே, வழுக்கும் சக்கரத்தில் பலம் வீணாகாமல் மறுசக்கரத்துக்குத் தள்ளிவிடும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். வளைவில் மிதித்தால் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக இழுக்கும். வெளியே போக வேண்டிய மூக்கு உள்ளே வரும். 2023-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையை, 20.832 கிலோமீட்டரை, இந்தக் கார் 7 நிமிடம் 44.881 விநாடியில் சுற்றி முன்சக்கரக் கார்களில் புதிய சாதனை படைத்தது.

சின்னக் கார் இப்படிப் புத்தியைத் தீட்டிக்கொண்டதற்கும், பெரிய கார் வெகுநாள் மாறாமல் இருந்ததற்கும் பெட்ரோல்தான் காரணம் என்பது என் கணிப்பு. 1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, குறைவாகக் குடிக்கிற கார் வேண்டும் என்று பி.எம்.சி. நிறுவனம் பொறியாளர் அலெக் இஸிகோனிஸிடம் கேட்டது. அவர் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்தார், கியர்பாக்ஸை அதன் அடியில் ஆயில் தொட்டியிலேயே இறக்கினார், இயக்கத்தை முன்சக்கரத்துக்குக் கொடுத்தார். 1959-ல் மினி பிறந்தது. அமெரிக்காவிலோ பெட்ரோல் மலிவு, சாலை நேர். எஞ்சினைப் பெரிதாக்குவதே எல்லாவற்றுக்கும் விடையாக இருந்தது. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, புகைச் சட்டத்தாலும் இன்ஷூரன்ஸ் கட்டணத்தாலும் ஏற்கெனவே தளர்ந்திருந்த மசில் கார்கள் படுத்தேவிட்டன. அடுத்த மஸ்டாங் 1974 மாடலாகச் சின்ன உடம்போடு, வி8 எஞ்சினே இல்லாமல் வந்தது. மறுபக்கம் 1972-ல் பிறந்த ஹோண்டா சிவிக் அமெரிக்காவில் வேர் பிடித்தது. 1976-ல் ஜெர்மனியில் 110 குதிரைத்திறனோடு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. வந்து, வீட்டுக் காரிலேயே பந்தயச் சுகம் உண்டு என்று காட்டியது. ஐயாயிரம் விற்றால் போதும் என்று தொடங்கிய கார். முதல் தலைமுறையே நாலரை லட்சத்தைத் தாண்டியது.

வழக்கமான மஸ்டாங் பின்னால் ஒரே திட அச்சை 2014 வரைக்கும் விடவில்லை. ஒரு பக்கச் சக்கரம் குழியில் இறங்கினால் மறுபக்கச் சக்கரமும் சாயும் பழைய ஏற்பாடு. டிராக் ரேஸுக்கு உறுதி, செலவும் குறைவு. 2015 மாடலில்தான் எல்லா மஸ்டாங்கிலும் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் தனி சஸ்பென்ஷன் கிடைத்தது. வலதுபக்க ஸ்டீயரிங்கோடு தொழிற்சாலையிலேயே செய்யத் தொடங்கியதும் அந்தத் தலைமுறையில்தான். அதனால்தான் 2016-ல் 65 லட்சம் ரூபாய் விலையில் இந்தியாவுக்கும் வர முடிந்தது.

என் தீர்ப்பைக் கேட்டால், ஒளிக்காமல் சொல்கிறேன். மழையும் மலையும் குடும்பமும் உள்ளவருக்கு சிவிக்தான் நல்ல கார். ஐந்து கதவு, மடக்கிப் போடும் பின்சீட்டு, எந்தப் பருவத்திலும் நம்பி ஓட்டலாம். பொறியியலாகப் பார்த்தாலும் அதன் சாதனைதான் பெரிது. இயற்கைக் கணக்கு எதிராக இருக்கும்போது ஜெயித்த கார் அது. ஆனால் மஸ்டாங்கின் வி8 எஞ்சினின் சுழற்சி மேலே ஏறும்போது எழுகிற முழக்கமும், ஒவ்வொரு வளைவிலும் கால் கற்றுக்கொள்கிற மரியாதையும் எந்த டர்போவிலும் கிடைக்காது. ஷெவர்லே கமேரோவும் டாட்ஜ் சேலஞ்சரும் 2023-ஓடு நின்றுபோனது எனக்கு நிஜமாகவே வருத்தம். கோல்ஃப் ஜி.டி.ஐ.யில் இப்போது மேனுவல் கியரும் இல்லை. ஓட்டுகிறவரின் கைக்கும் காலுக்கும் வேலை கொடுக்கிற கார்கள் இரண்டு பக்கமும் குறைந்துகொண்டே வருகின்றன.

இந்தக் கணக்கு உங்கள் காருக்கும் பொருந்தும். அம்பாசிடரும் பத்மினியும் பின்சக்கரத்தால் தள்ளிக்கொண்டு ஓடிய நம் சாலைகளில் 1983-ல் மாருதி 800 வந்தது. அன்றிலிருந்து நம் வீட்டு வாசலில் நிற்பவை பெரும்பாலும் முன்சக்கரக் கார்களே. இவற்றில் முன் டயர்கள்தான் முதலில் தேயும். இரண்டு டயர் மட்டும் மாற்றப் போனால், புதிய ஜோடியை முன்னால் போடத்தான் தோன்றும். போடாதீர்கள். மழைச் சாலையில் முன் டயர் பிடிப்பு இழந்தால் ஸ்டீயரிங் லேசாகி உங்களுக்குத் தெரிந்துவிடும், வேகத்தைக் குறைத்தால் பிடிப்பும் திரும்பும். பின் டயர் இழந்தால் நீங்கள் உணர்வதற்குள் கார் சுழன்றுவிடும். ஆகவே புதிய டயர் இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். பின்னால் இருக்கும் நல்ல ஜோடி முன்னால் வரட்டும்.