வென்று தந்தவருக்கு விடைகொடுப்பது நன்றிகேடாகுமா?

சப்ரகமுவ மாகாணத்து இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டும் வேலை முற்பகலோடு முடிந்துவிடும். பிற்பகலில் மழை பெய்யாதிருந்தால், லயங்களுக்குக் கீழேயுள்ள சிறு மைதானங்களில் இளைஞர் உதைபந்தாட்டம் ஆடுவதைக் காணலாம். அத்தகைய கழகமொன்றைச் சேர்ந்த இளைஞர் மூவர் சென்ற வாரம் எம்மை நாடி வந்தனர். பல்லாண்டுகளாக ஒரு சதமும் பெறாது பயிற்சியளித்து, பிரதேச மட்டக் கிண்ணத்தையும் வென்று கொடுத்த முதியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தோல்வியே கண்டமையால், முறையான பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒருவரை அவருக்குப் பதிலாக நியமிக்க வேண்டுமென உறுப்பினருட் பாதிப்பேர் கூறுகின்றனராம். "மாமாவை நிறுத்தினால் நன்றி கெட்டவர்கள் என்று ஊர் சொல்லாதா, சேர்?" என்று அவர்களுள் ஒருவர் கேட்டார்.

இக்கேள்வி ஒரு தோட்டத்து மைதானத்துக்கு மாத்திரம் உரியதன்று. கோடிக்கணக்கிற் பணம் புரளும் பெருங்கழகங்களும் இதற்கு விடை காணமுடியாது தடுமாறியிருக்கின்றன.

நமக்கு அண்மையிலுள்ள சென்னையின் எப்.சி. கழகத்தையே எடுத்துக்கொள்வோம். இந்தியன் சுப்பர் லீக் போட்டி தொடங்கிய 2014 ஆம் ஆண்டிலேயே தோன்றிய இக்கழகம், 2015 இல் முதன்முறை வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது. இலங்கையருக்கும் இது முற்றிலும் அந்நியமானதன்று. 2019 மார்ச்சில் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்புக் கிண்ணத்தின் தகுதிச் சுற்றில் நமது கொழும்பு எப்.சி. அணி இதனை எதிர்த்து ஆடியது. கொழும்பில் நிகழ்ந்த ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தமை பலருக்கு நினைவிருக்கலாம்.

இக்கழகத்துக்கு 2017 இல் பயிற்றுநராக வந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் கிரெகரி. வந்த முதற் பருவத்திலேயே, 2018 மார்ச் 17 ஆம் திகதி, பெங்களூர் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வென்று, சென்னைக்கு இரண்டாவது கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார். அடுத்த பருவத்திலோ நிலைமை தலைகீழாயிற்று. 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. பத்து அணிகளுள் பத்தாமிடம். ஆயினும் கழகம் அவரைக் கைவிடவில்லை. மற்றுமொரு பருவத்துக்கு அவரையே நம்பிற்று. அப்பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் அணி ஒரு கோலேனும் போடவில்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி கண்ட நிலையில், 2019 நவம்பர் இறுதியில் இருசாராரும் உடன்பட்டுப் பிரிந்தனர்.

அவருக்குப் பின் வந்தவர் ஸ்கொத்லாந்தில் பிறந்த ஓவன் கொயில். அடிமட்டத்திற் கிடந்த அணி நான்காம் இடத்துக்கு உயர்ந்து, 2020 மார்ச் 14 ஆம் திகதி கோவாவில் நிகழ்ந்த இறுதியாட்டத்திலும் பங்குகொண்டது. கொரோனா அச்சத்தினாற் பார்வையாளரின்றி நடைபெற்ற அவ்வாட்டத்தில் 3-1 எனத் தோற்றதாயினும், மாற்றம் பயனளித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொயில் கொண்டுசென்ற அணி பெரும்பாலும் கிரெகரியின் காலத்தில் திரட்டப்பட்ட அணியே. நாற்று நட்டவர் ஒருவர். கதிர் அறுத்தவர் மற்றொருவர். பிரிவு நியாயமாயிருந்தபோதிலும், பிரிந்தவரின் உழைப்பு வீணானதன்று.

எல்லாப் பிரிவுகளும் இவ்வாறு நன்மையில் முடிவதில்லை. ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கழகத்துக்கு 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தையும், 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் லீக் பட்டத்தையும் பெற்றுக்கொடுத்தவர் விசென்டே டெல் பொஸ்கே. 2003 ஜூனில் அந்தக் கடைசிப் பட்டத்தை வென்ற களிப்பு அடங்கு முன்னரே அவருக்கு விடைகொடுக்கப்பட்டது. புதுமுறைகளில் வல்லவர் ஒருவர் தேவையென நிருவாகம் கருதிற்று. பின்வந்தவர் ஒரே பருவத்தில் நீக்கப்பட்டார். மீண்டும் லீக் பட்டம் பெற 2007 வரை அக்கழகம் காத்திருக்க நேர்ந்தது. அதே கோடையில் மத்தியகளத்தின் தூணான மக்கலேலேயையும் அக்கழகம் விற்றுவிட்டமையால், வீழ்ச்சிக்குப் பயிற்றுநரின் பிரிவு ஒன்றே காரணமென்று கூறுவதற்கில்லை. எனினும் பழைமையானவர் எனக் கருதப்பட்ட அம்மனிதரே 2010 இல் தம் நாட்டுக்கு உலகக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தார்.

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியோ நடுவழியில் நின்றது. கிளாடியோ ரனியேரியின் பயிற்சியில் 2016 இல் உலகமே வியக்கப் பட்டம் வென்ற அக்கழகம், ஒன்பதே மாதங்களில், 2017 பெப்ரவரியில் அவரை நீக்கிற்று. அப்போது கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் அபாயம் ஒரே புள்ளித் தூரத்தில் இருந்தது. புதிய பயிற்றுநரின் கீழ் அபாயம் நீங்கிற்று. ஆனால் அவரும் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே வெளியேற்றப்பட்டார். பட்டம் வென்ற அணியின் சிறந்த வீரருள் ஒருவரான கான்டேயைக் கழகம் விற்றிருந்ததையும், அந்தக் குறையையும் சேர்த்துப் பயிற்றுநரின் தலையிலேயே சுமத்தியதையும் நாம் மறத்தலாகாது.

வள்ளுவர் 'செய்ந்நன்றி அறிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். 'தெரிந்து வினையாடல்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். முன்னையது மனிதருக்கு நாம் செலுத்தும் கடன். பின்னையது வினைக்கு உரியவரைத் தெரிந்து அமர்த்தும் கடன். இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதே தவறு. நன்றியின்பொருட்டுப் பதவியை நீட்டித்தால் இளைஞரின் எதிர்காலம் கெடும். பதவியைப் பறிக்கும்பொருட்டு நன்றியையும் மறந்தால் கழகத்தின் பண்பு கெடும்.

தோட்டத்தாருக்கு இதை விளக்க வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுவது செடியின்மீது கொண்ட பகையால் அன்று. ஆயினும் கடுங்கோடையில் வெட்டினால் செடி பட்டுப்போகும். காலமும் முறையும் அறிந்து வெட்டுபவனே தொழில் தெரிந்தவன்.

ஆதலால் அவ்விளைஞரிடம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்டோம். தோல்விக்குக் காரணம் பயிற்றுநரா, அல்லது நல்ல ஆட்டக்காரர் பலர் வேலை தேடிக் கொழும்புக்குச் சென்றுவிட்டமையா? சென்னைக் கழகம் அளித்ததுபோல், தவறைத் திருத்திக்கொள்ள அவருக்கு ஒரு பருவமேனும் அளித்தீர்களா? புதியவர் வந்தபின் பழையவருக்குக் கழகத்தில் என்ன இடம்?

முதற் கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அணியில் ஆடிய நால்வர் சென்ற ஆண்டே கொழும்புக்குப் போய்விட்டனராம். இரண்டாவதற்கு, அவரிடம் இதுபற்றி எவருமே பேசவில்லை என்று ஒப்புக்கொண்டனர். மூன்றாவதற்கு விடையே இல்லை.

கழகத்தின் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் கூடவிருக்கிறது. என்ன முடிவெடுப்பதென்பது அவர்களின் உரிமை. அதில் நாம் தலையிட விரும்பவில்லை. மாற்றமே வேண்டுமென அவர்கள் முடிவு செய்வாராயின், அதனையும் நாம் நன்றிகேடென்று கூறமாட்டோம். ஆனால் ஒன்றை மட்டும் வற்புறுத்தி அனுப்பினோம். அம்முதியவர் இச்செய்தியைக் கூட்டத்தில் பலர் முன்னிலையில் முதன்முறையாகக் கேட்கும் நிலை வரலாகாது. கூட்டத்துக்கு முன்னர் அவர் வீட்டுக்குச் சென்று, அவரோடு அமர்ந்து, அவர் தரும் தேநீரை அருந்தி, உள்ளதை உள்ளபடி கூறுங்கள் என்றோம். விளையாட்டில் தோற்றால் அடுத்த ஆண்டு வெல்லலாம். அந்த வாசற்படியைத் தவிர்த்தால், பின்னர் எந்தக் கிண்ணத்தாலும் அக்குறையை நிரப்ப இயலாது.