பெயரும் பதிவும்: இணையப் பெயர்ப் பதிவேட்டைப் பேணுதல் பற்றிய ஒரு நோக்கு

காணியொன்று எவருக்கு உரியது என்பதை வேலி கூறுவதில்லை, உறுதியே கூறும். கிழக்கிலங்கையில், சிறப்பாகக் கல்முனைப் பிரதேசத்தில், வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாக எழுதப்படும் வழக்கம் வேரூன்றியிருத்தலால், உறுதியின் அருமையை இங்குள்ள குடும்பங்கள் நன்கறியும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களின் கரையோர வீடுகளை அள்ளிச் சென்றபோது மதில்களும் வேலிகளும் ஒருங்கே மறைந்தன. எல்லை அழிந்த நிலத்துக்கு எழுத்தே எல்லையாகும் என்பதை அந்நாள்கள் உணர்த்தின.

இன்று எமது பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் நூலகங்களும் நெசவு நிலையங்களும் வேறொரு வகையான காணியையும் வைத்திருக்கின்றன. இணையத்தில் அவை பெற்றுள்ள பெயரே அக்காணியாகும். அப்பெயருக்குரிய பதிவேடு எங்கே இருக்கின்றது, அதில் என்ன எழுதப்பட்டுள்ளது, அதனைத் திருத்தும் உரிமை எவர் கையில் உள்ளது என்று வினவினால் விடைகூற வல்லார் சிலரே. இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணும் வழியை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் முறைமையின் தோற்றம்

கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அடையாளங் காண்கின்றன. மனிதர் நினைவிற் கொள்ளத்தக்கவை பெயர்கள். இவ்விரண்டையும் இணைக்கும் பட்டியல், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெற் காலத்தில், அமெரிக்காவின் எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் ஒரே கோவையாகப் பேணப்பட்டது. ஏனைய நிலையங்கள் அதனைப் பிரதிசெய்துகொண்டன. கணினிகள் பெருகப் பெருக, ஓரிடத்திலிருந்து எல்லாப் பெயர்களையும் பேணுதல் இயலாததாயிற்று. 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பார் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்தளித்தார். 1987 இல் அது திருத்தமுற்று, இன்றும் வழங்கும் அடிப்படை வடிவத்தைப் பெற்றது. பட்டியலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரியோரிடமே ஒப்படைத்தல் என்பதே அம்முறைமையின் உயிர்நாடியாகும்.

அவ்வொப்படைப்பின் ஒரு படியாகவே 'எல்.கே' என்னும் ஈறு 1990 இல் இலங்கைக்கு வழங்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிஹான் டயஸ் முன்னின்று வளர்த்த எல்.கே. ஆள்களப் பதிவகம் அதனைப் பேணி வருகின்றது. கல்முனைக்குத் தெற்கே ஒலுவிலில் அமைந்து, 1996 இல் முழுமையான பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகவரியை எடுத்துக்கொள்வோம். அது 'எஸ்.ஈ.யு', 'ஏ.சி', 'எல்.கே' என்னும் மூன்று கூறுகளாலானது. நாம் இடமிருந்து வலமாக வாசிக்கின்றோம். முறைமையோ வலமிருந்து இடமாகத் தேடுகின்றது. வேர்ச் சேவையகம் 'எல்.கே' இருக்குமிடத்தைக் காட்டும். அங்கு கல்வி நிறுவனங்களுக்குரிய 'ஏ.சி' என்னும் கிளை காட்டப்படும். அக்கிளையில் பல்கலைக்கழகத்தின் பெயர் கண்டறியப்படும். நாட்டையும் நகரையும் தெருவையும் முறையே கண்டு வீட்டுக்கு வரும் தபாற்காரரின் வழி இதுவேயாம்.

மூவர் கையில் உள்ள பொறுப்பு

ஒரு பெயரின் வாழ்வில் மூவருக்குப் பங்குண்டு. முதலாமவர் பெயரை உரியவருக்குப் பதிந்து கொடுக்கும் பதிவாளர். இரண்டாமவர் அப்பெயருக்குரிய விவரங்களை ஏந்தி, கேட்போருக்கு விடையளிக்கும் பெயர்ச் சேவையகத்தைப் பேணுபவர். மூன்றாமவர் இணையத்தளத்தின் பக்கங்களுக்குத் தம் கணினியில் இடமளிக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தார். இம்மூன்றையும் ஒரே நிறுவனம் வழங்குதலும் உண்டு. மூன்று வேறு நிறுவனங்கள் வழங்குதலும் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாமையே பல இடர்ப்பாடுகளுக்கு மூலமாகும்.

ஹோஸ்டிங் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்குக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றைத் தருகின்றன. 1996 இல் தோன்றிய 'சீபேனல்' இவற்றுட் பலரும் அறிந்ததாகும். அப்பலகையில் பெயர்ப் பதிவுகளைத் திருத்துவதற்கென ஒரு பக்கம் உண்டு. ஆயின், அப்பக்கத்தில் எழுதப்படுவது எப்போதும் செல்லுபடியாகும் என எண்ணுதல் தவறாகும். பதிவாளரிடம் எந்தப் பெயர்ச் சேவையகம் குறிக்கப்பட்டுள்ளதோ அதிலுள்ள பதிவே செல்லும். பதிவாளர் வேறொரு சேவையகத்தைச் சுட்டிநிற்க, நாம் ஹோஸ்டிங் பலகையில் நாள் முழுதும் திருத்தினாலும் பயனில்லை. ஆதலின் திருத்த முற்படுவோர் முதலிற் காணவேண்டியது, இப்பெயருக்கு விடையளிக்கும் சேவையகம் எது என்பதையேயாம்.

பதிவு வகைகள்

மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பேர்பெற்ற ஊர். அங்கு சாரமும் சேலையும் நெய்து விற்கும் ஒரு நிலையம் தனக்கென ஒரு பெயரைப் பதிந்துகொண்டது எனக் கற்பனை செய்வோம். அதன் பதிவேட்டில் பின்வரும் வகைகள் இடம்பெறும்.

'என்.எஸ்.' பதிவு, இப்பெயருக்கு விடையளிக்கும் உரிமை எச்சேவையகங்களுக்கு உண்டு எனக் கூறும். 'ஏ' பதிவு, பெயரை 192.0.2.10 போன்ற எண் முகவரி ஒன்றோடு இணைக்கும். புதிய, நீண்ட எண் முகவரிகளுக்கு 'நான்கு ஏ' பதிவு உண்டு. 'சீநேம்' பதிவு, ஒரு பெயர் மற்றொரு பெயரின் மறுபெயரே எனக் கூறும். 'எம்.எக்ஸ்.' பதிவு, நிலையத்துக்கு வரும் மின்னஞ்சலை எக்கணினி ஏற்கும் எனக் குறிக்கும். அத்தகைய பதிவுகள் பல இருப்பின் ஒவ்வொன்றுக்கும் முன்னுரிமை எண் இடப்படும். சிறிய எண்ணுக்கே முதலிடம். 'டெக்ஸ்ட்' பதிவு, எழுத்தாலான குறிப்பைத் தாங்கும். எந்தெந்தச் சேவையகங்கள் இந்நிலையத்தின் பெயரால் மின்னஞ்சல் அனுப்பலாம் என்னும் 'எஸ்.பி.எஃப்.' அறிவிப்பு இவ்வகையிலேயே எழுதப்படுகின்றது.

இவற்றுக்கிடையே சில விதிகள் உள. ஒரு பெயருக்குச் 'சீநேம்' எழுதப்பட்டால் அதே பெயருக்கு 'ஏ', 'எம்.எக்ஸ்.' முதலிய வேறு பதிவுகள் இருத்தலாகாது. 'எம்.எக்ஸ்.' பதிவு ஒரு பெயரைச் சுட்டவேண்டுமேயன்றி எண் முகவரியைச் சுட்டலாகாது. 'எஸ்.பி.எஃப்.' அறிவிப்பு ஒரு பெயருக்கு ஒன்றே இருத்தல் வேண்டும். இரண்டு எழுதினால் இரண்டும் பயனற்றுப்போம். நிலையம் தன் பக்கங்களை வேறொரு ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு மாற்றும்போது 'ஏ' பதிவையும், இருப்பின் 'நான்கு ஏ' பதிவையும் மாற்றுவதே பெரும்பாலும் போதுமானது. அவ்வாறன்றிப் பெயர்ச் சேவையகத்தையே மாற்றி, பழைய 'எம்.எக்ஸ்.' பதிவைப் புதிய இடத்தில் எழுத மறந்தால், பக்கம் அழகாகத் தோன்றும். கொழும்பு வணிகர் அனுப்பும் கட்டளைக் கடிதங்களோ வந்துசேரா.

காலம் என்னும் கூறு

ஒவ்வொரு பதிவுக்கும் 'டி.டி.எல்.' எனப்படும் ஒரு கால அளவு வினாடிகளிற் குறிக்கப்படுகின்றது. ஒருமுறை விடைபெற்ற இடைநிலைக் கணினிகள் அவ்விடையை அக்காலம்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். 3600 என்பது ஒரு மணித்தியாலம். 86400 என்பது ஒரு நாள். பதிவை மாற்றிய பின்னர் சிலருக்குப் புதிய பக்கமும் சிலருக்குப் பழைய பக்கமும் தோன்றுதற்குக் காரணம் இதுவே. எனவே, 86400 என்றிருக்கும் பதிவை மாற்ற எண்ணுவோர் முழுதாக ஒரு நாள் முன்னரே அதனை 300 எனக் குறைத்து, மாற்றம் நிறைவேறிய பின்னர் மீளவும் உயர்த்துதல் நன்று. பழைய இடத்தை உடனே நீக்காது சில நாள் வைத்திருத்தலும் விவேகமாகும்.

தமிழ்ப் பெயர்கள்

தமிழ் மாணவராகிய எமக்கு இத்துறையில் தனிக் கவனத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. 2010 இல் '.இலங்கை' என்னும் தமிழ் ஈறு, '.லங்கா' என்னும் பொருளில் அமைந்த சிங்கள ஈற்றுடன் வழங்கப்பட்டது. '.சிங்கப்பூர்', '.இந்தியா' என்பன 2011 இல் வந்தன. ஆயினும் பெயர் முறைமையின் அடித்தளம் ஆங்கில எழுத்துகளையே ஏற்பதாகலின், தமிழ்ப் பெயர் உள்ளே 'ப்யூனிகோட்' என்னும் முறையால் மாற்றப்படுகின்றது. 'எக்ஸ்', 'என்' என்னும் ஈரெழுத்தும் இரு சிறு கோடுகளும் முன்னிற்க, பொருளற்ற எழுத்துக் கோவையாக அது பதிவேட்டில் தோன்றும். பலகையில் அக்கோவையைக் கண்டு, பிழையென எண்ணி அழித்துவிடலாகாது.

எழுத்துக்கூட்டற் சிக்கல் இதனினும் பெரிது. 'மௌலவி' என்னும் சொல்லை ஔகாரக் குறியோடு எழுதுதல் முறை. எகரக் குறியையும் ளகரத்தையும் தனித்தனியே இட்டு 'மெளலவி' எனத் தட்டுவோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். அவ்வாறே 'ஸாஹிரா', 'ஸாஹிறா', 'சாஹிரா' என்பன நாவில் ஏறக்குறைய ஒன்றாயினும் பதிவேட்டில் மூன்றாகும். அறபுச் சொற்களைத் தமிழில் எழுதுவதில் பல மரபுகள் நிலவும் எமது பிரதேசத்துக்கு இஃது ஏட்டளவிலான வினாவன்று. தான் பதியாது விட்ட எழுத்துக்கூட்டலை மற்றொருவர் பதிந்து, நிறுவனத்தின் பெயரால் நன்கொடை கேட்கவும் கூடும்.

2021 தரும் பாடம்

2021 பெப்ரவரி 6 ஆம் திகதி அதிகாலையில், கூகுளின் இலங்கைப் பெயர் உட்பட 'எல்.கே' ஈற்றுப் பெயர்கள் சிலவற்றை நாடியோர் எதிர்பாராத வேறொரு பக்கத்துக்கு இட்டுச்செல்லப்பட்டனர். நாட்டின் சமூகப் பிரச்சினைகள் சிலவற்றை அப்பக்கம் பேசியது. மாற்றப்பட்டவை பெயர்ப் பதிவுகளாகும். கட்டடம் நின்றவாறு நிற்க, அதற்குச் செல்லும் கைகாட்டி மரம் மட்டும் வேறு திசைக்குத் திருப்பப்பட்டமைக்கு இதனை ஒப்பிடலாம். உலகப் பெருநிறுவனம் ஒன்றின் பெயருக்கே இந்நிலை நேரக்கூடுமாயின், ஊர்ச் சங்கம் ஒன்றின் பெயர் எத்துணைப் பாதுகாப்புடையது என்பது சிந்தித்தற்குரியது.

எமது நிறுவனங்களைப் பொறுத்தவரையில், அந்நியரின் ஊடுருவலைக் காட்டிலும் அணித்தாக நிற்கும் அபாயம் வேறொன்று. ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துப் பெயரைப் பதிகின்றார். தம் பணத்தையும் செலுத்துகின்றார். பின்னர் அவர் கத்தாருக்கோ சவூதிக்கோ தொழில் நாடிச் செல்கின்றார். பெயர் குறித்த காலத்துக்கே வழங்கப்படுவது. புதுப்பிக்குமாறு கோரும் அறிவித்தல்கள் எவரும் திறவாத மின்னஞ்சற் பெட்டிக்குச் செல்கின்றன. தவணை கடந்ததும் பெயர் பிறர் வசமாகலாம். இங்கு குற்றவாளி எவருமிலர். பதிவு தனிமனிதர் பெயரில் இருந்தமையே குறை.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. பெயரின் உரிமையாளராக நிறுவனமே பதியப்படல் வேண்டும். தொடர்பு மின்னஞ்சல் பதவிக்குரியதாய், அப்பெயரையே சாராத வேறொரு முகவரியாய் இருத்தல் வேண்டும். இல்லையெனில் பெயர் தடைப்படும்போது அறிவித்தலும் தடைப்படும். அதிபரோ செயலாளரோ நம்பிக்கையாளர் சபைத் தலைவரோ பொறுப்பேற்கும் நாளில், காசுப் புத்தகத்தோடும் திறப்புக் கோவையோடும் இக்கடவுச்சொற்களும் கையளிக்கப்படல் வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு இருப்பின் அதனைச் செயற்படுத்துக. பதிவேட்டின் முழுப் பிரதியை ஆண்டுக்கொருமுறை கடதாசியில் அச்சிட்டு, உறுதிகள் வைக்கும் பெட்டியிலேயே வைத்தல் சாலும். எதனையும் மாற்றுமுன் பழைய நிலையை எழுதிவைத்தல் தவறாத வழக்கமாதல் வேண்டும்.

ஆய்வாளர் ஒருவர் இன்று ஊர் வரலாறொன்றை எழுதி, அடிக்குறிப்பில் ஓர் இணைய முகவரியைத் தருகின்றார். பத்தாண்டுகளுக்குப் பின் அதனை நாடும் மாணவருக்கு அங்கே வரலாறு கிட்டுமா, வெற்றிடம் கிட்டுமா, வேறெவரோ விரித்த கடை கிட்டுமா என்பதை, பெரும்பாலும் ஒரு சில வரிப் பதிவுகளும் அவற்றைப் பேணிய கைகளுமே தீர்மானிக்கும். நாட்டார் பாடல்களையும் குடிமரபுகளையும் பள்ளிவாசல் வரலாறுகளையும் இணையத்தில் ஏற்றி வைக்கும் எமது தலைமுறை, அவற்றைத் தாங்கும் பெயரின் உறுதியையும் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துச் செல்லக் கடமைப்பட்டுள்ளது.